ஈயமும் மிதப்பும்

வெட்டைப்பாட்டுக் கோயில் மண்டபத்தில் அந்த ஞாயிறு பின்னேரம் வந்திருந்தவர்கள்:

சங்கத் தலைவர் அமிர்தநாயகம். காது கேட்காது. ஒருவர் பக்கமும் சாயமாட்டார் என்று தலைவராக வைத்திருந்தார்கள்; ஒருவர் சொல்வதும் விளங்காவிட்டால் எந்தப் பக்கம் சாய்வது?

செயலாளர் நிறஞ்சலா. சங்கத்தின் பொருள்களைப் பூட்டி வைக்கிற கிட்டங்கியின் திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது.

மில்ரன் சம்மாட்டி. ஐந்து படகு, ஒரு மீன்வாடி, ஒரு ஐஸ் லொறி. முன்வரிசையில் நடுக்கதிரை.

அவருடைய தம்பி கொன்ஸ்ரன்ரைன். ஒரு படகு. அதற்கும் இயந்திரம் வாங்கித் தந்தது அண்ணன்.

பாதர். பங்குக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்தது.

றெனால்ட். சொந்தப் படகில் தனியாகத் தொழிலுக்குப் போகிறவன். அதனால் வாய் இருந்தது.

றஞ்சிதா. படகில்லை. கடலட்டை பிடிக்கச் சுழியோடி இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன புருஷன் அலெக்ஸாண்டர் வீட்டில் கட்டிலில் கிடந்தான்.

மற்றது, சங்கத்தில் பதிந்த வீடுகளில் இருந்து வீட்டுக்கு ஒருவர். அவர்களில் பாதிக்கு மேல் மில்ரன் சம்மாட்டியின் படகிலோ வாடியிலோ பிழைப்பவர்கள்.

கூட்டத்தில் கேள்வி ஒன்றுதான். இறங்குதுறை விளக்குக்கும், கடல் அரிக்கும் கரைக்குக் கல் போடவும், அந்தோனியார் திருநாளுக்கும் சங்கம் எடுக்கிற காசை எப்படி எடுப்பது? இவ்வளவு காலமும் வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்தார்கள். ஐந்து படகு விடுகிற வீட்டுக்கும் அதே காசு, ஒரு துடுப்புக்கூட இல்லாத வீட்டுக்கும் அதே காசு. றெனால்ட் ஒரு பிரேரணை கொண்டுவந்திருந்தான். இனி வீட்டைப் பார்க்க வேண்டாம், கரையில் இறங்குகிற மீனின் நிறையைப் பார்த்து எடுப்போம். கூடப் பிடிக்கிறவன் கூடக் கட்டட்டும். பழைய நிலுவையை விட்டுவிடுவோம். நிலுவைக்காகத் தூக்கி வந்த பொருள்களை வென்ற அன்றே திருப்பிக் கொடுப்போம்.

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் றஞ்சிதா வந்திருந்தாள். அவள் கருவாடு போட்டு விற்கிறவள். மீனை உப்பில் போட்டு வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பரல் இரண்டு, தராசு, மீன் காயப் போடுகிற வலை, மழைக்கு மூடுகிற படங்கு, எல்லாம் கிட்டங்கிக்குள் கிடந்தன. பிரேரணை தோற்றால் திங்கட்கிழமை காலை ஏலம். மில்ரன் சம்மாட்டி வியாழக்கிழமையே கிட்டங்கிக்குள் போய்ப் பரல்களைத் தட்டிப் பார்த்து, நல்ல சாமான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவருக்கு எதிராகக் கை தூக்கவும் அவளால் ஏலாது. காலையில் அவருடைய வாடியில்தான் மீன் பிரிக்கப் போகிறாள். பரல் போன பிறகு அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை வைப்பது.

"வீட்டுக்கு ஒரே காசு எண்டால் எல்லாருக்கும் ஒரே நீதி," என்றார் மில்ரன் சம்மாட்டி. எழும்பவில்லை, இருந்தபடியே சொன்னார். "அரசாங்கம் வற் எண்டு வரி எடுக்குது. சவர்க்காரக் கட்டிக்கு நானும் அதே வரிதான் கட்டுறன், இந்தா இருக்கிற றஞ்சிதாவும் அதே வரிதான் கட்டுறா. அவ அழுதவவோ? ஏன் பிள்ளை, அழுதனியோ?"

றஞ்சிதா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"அங்க எங்களைக் கேட்டிட்டே போட்டவங்கள், சம்மாட்டி?" என்றான் றெனால்ட். "கேட்டிருந்தா அங்கயும் இதைத்தான் சொல்லியிருப்பம். இஞ்ச கேக்கினம். அதால சொல்லுறம்."

"அப்ப படகில்லாதவை ஒரு சதமும் கட்டாமல் எங்கட விளக்கு வெளிச்சத்தில நிக்கிறதோ?"

"விடியப்புறத்தில அந்த வெளிச்சத்துக்குக் கீழ நிண்டு ஆற்ற மீனைப் பிரிக்கினம்? உங்கட மீனைத்தானே?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மில்ரன் சம்மாட்டி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

"என்ன சொல்லுறாங்கள்?" என்று தலைவர் நிறஞ்சலாவிடம் கேட்டார்.

"சண்டை பிடிக்கினம், ஐயா."

"நல்லது. வாக்கெடுப்பம்."

வாக்கு எடுக்கிற விதத்தைப் பாதர்தான் யோசித்திருந்தார். முன்பெல்லாம் கை தூக்கினார்கள். மில்ரன் சம்மாட்டி எந்தக் கை எவருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடதாசியில் எழுதிப் போட்டார்கள். அவர் எழுத்தைப் பார்த்து ஆளைச் சொன்னார். 'வேண்டாம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று எழுதியவன் அடுத்த கிழமை படகில் இல்லை. அதனால் இந்தமுறை எழுத்தே இல்லை. பழைய வலைகளில் இருந்து அறுத்தெடுத்த ஈயக்கட்டை ஒன்றும் மிதப்பு ஒன்றும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட்டன. பிரேரணை வேண்டும் என்றால் மிதப்பு. வேண்டாம் என்றால் ஈயம். மேடை மூலையில் படங்கால் மறைத்த இடத்தில் வெற்று மண்ணெண்ணெய்ப் பீப்பா நின்றது. வேண்டியதை அதற்குள் போட வேண்டும். மிஞ்சியதைப் பக்கத்தில் இருந்த உரப்பைக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். உரப்பை சாயாமல் நிற்க அதற்குள் அரைவாசிக்குக் கடல் மணல் போட்டிருந்தது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார்கள். பிறந்த நாளில் இருந்து ஈயத்தையும் மிதப்பையும் கையில் பிடித்த சனம்; ஒருவருக்கும் அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை.

முதலில் தலைவர் போனார்.

டொங்.

மண்டபம் முழுவதும் கேட்டது. வெற்றுத் தகரத்தில் ஈயம் விழுந்தால் கோயில் மணி மாதிரித்தான் கேட்கும். தலைவர் ஒன்றும் அறியாமல் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். அவருக்கு மட்டும் அது இரகசிய வாக்கு.

இரண்டாவதாக றெனால்ட் போனான். சத்தமில்லை. மிதப்பு பஞ்சு மாதிரி விழுந்திருக்கும். அவன் வெளியே வந்தபோது எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது.

பாதர் எழுந்துவிட்டார். அவருடைய காது சிவந்திருந்தது. "நிப்பாட்டுங்கோ. உள்ளுக்கு ஒரு சாக்கை விரிச்சிட்டு முதலில இருந்து தொடங்குவம்."

"ஏன் பாதர்?" மில்ரன் சம்மாட்டி அந்த நாளில் முதல்முறையாகச் சிரித்தார். "பீப்பா ஆற்ற யோசனை? உங்கடதானே. தலைவர் போட்டிட்டார். போட்ட வாக்கை அழிக்கிறதுக்குச் சட்டம் இருக்கோ? ஒளிச்சுப் போடுறதுக்கு இஞ்ச ஆர் களவெடுத்தது?"

"மில்ரன் அண்ணை, இது நியாயமில்லை."

"தொடங்கினதை முடிப்பம். தலைவர், தொடருறதோ நிப்பாட்டுறதோ?"

"ஓமோம்," என்றார் தலைவர்.

மில்ரன் சம்மாட்டி சட்டைப் பையில் இருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, குச்சிகளை மடியில் கொட்டினார். தலைவருக்காக ஒரு குச்சியைத் தொடையில் வைத்தார். பேசி மிரட்டத் தேவையில்லை. அந்தக் குச்சியே போதும்.

கொன்ஸ்ரன்ரைன் போனான். டொங். அண்ணன் படகுகளில் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். டொங். டொங். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குச்சி. படங்கின் பின்னால் இருந்து வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன மாதம் றெனால்டின் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "விடாதே மச்சான், நாங்கள் எல்லாரும் நிப்பம்" என்று சொன்னவர்கள் அவர்கள். றெனால்ட் சுவரோடு சாய்ந்து நின்று, "நிக்கிறாங்கள், நல்லா நிக்கிறாங்கள்" என்று தனக்குள் சொன்னான். பக்கத்தில் இருந்த றஞ்சிதாவுக்குக் கேட்டது.

அவளுடைய உள்ளங்கையில் ஈயம் சூடாகிப் போயிருந்தது. மிதப்பைப் போட்டால் பரல் வரலாம், வாடி வேலை நிச்சயம் போகும். ஈயத்தைப் போட்டால் வேலை நிற்கும், பரல் போகும். இந்தச் சத்தத்துக்குள் ஒரு மிதப்பால் பரல் வரப்போவதும் இல்லை. அப்படியென்றால் ஈயத்தைப் போடுவதுதான் புத்தி. அலெக்ஸாண்டரிடம் சொன்னாலும் அதையே சொல்வான். அவன் கடலுக்குள் இருக்கும்வரைதான் வீரன்.

நிறஞ்சலா பெயரைக் கூப்பிட்டாள். றஞ்சிதா எழுந்து போனாள்.

படங்குக்குப் பின்னால் மண்ணெண்ணெய் நாற்றம். பீப்பா அவளுடைய நெஞ்சுயரம். மேல் மூடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டியிருந்தார்கள், உள்ளே இருட்டு. ஈயத்தைப் போடத்தான் கையை நீட்டினாள். கை வட்டத்துக்குச் சற்றுத் தள்ளிப் போனது. ஈயம் தகர விளிம்பில் இடித்தது.

டொங்.

அவள் அப்படியே நின்றாள். வெளியே நெருப்புக்குச்சி ஒன்று தொடையில் ஏறியிருக்கும். மில்ரன் சம்மாட்டிக்கு அவள் வாக்குப் போட்டு முடிந்துவிட்டது. ஆனால் ஈயம் இன்னும் அவளுடைய விரலுக்குள்தான் இருந்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. மற்றக் கையில் இருந்த மிதப்பை வட்டத்துக்குள் விட்டாள். ஈயத்தை உரப்பைக்குள் வைத்து, மணலுக்குள் விரலால் அமுக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மில்ரன் சம்மாட்டி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். கெட்டிக்காரி என்கிற மாதிரி.

கதிரையில் வந்து இருந்த பிறகுதான் யோசனை ஓடியது. வேலை தப்பியது. அதுவரை சரி. ஆனால் அவளுக்குப் பின்னால் போனவர்களும் டொங், டொங் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். மீன் பிரிக்க அவளோடு நிற்கிற பெண்கள், கிழிந்த வலை பொத்துகிற கிழவர்கள், வீட்டுக்காசு கட்ட வழியில்லாமல் தாலியை அடகு வைத்தவள்கூட. நிறஞ்சலாவும் போட்டாள். அவளுடைய டொங் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகக் கேட்டது. பரல் இனி மில்ரன் சம்மாட்டியின் வாடி வாசலில் நிற்கும், அதற்குள் தான் உப்புப் போட்டுக் கூலி வாங்க வேண்டும் என்று றஞ்சிதா நினைத்துக்கொண்டாள். இந்த ஊரில் எல்லாரும் பயந்தவர்கள். தானும்தான். என்ன, தன்னுடைய பயத்துக்குள் ஒரு மிதப்பு கிடந்தது.

கடைசி ஆள் வந்ததும் மில்ரன் சம்மாட்டி குச்சிகளை எண்ணக்கூட இல்லை. கையால் அள்ளிப் பெட்டிக்குள் போட்டார். "முடிஞ்சுது. எண்ணத் தேவையில்லை. பாதர், செபத்தைச் சொல்லுங்கோ, வீட்ட போவம்."

"எண்ணத்தான் வேணும்," என்றார் பாதர். தோற்ற முகத்தோடுதான் சொன்னார். "சட்டம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நிலத்தில் ஒரு பாயை விரித்தார்கள். பீப்பாவைச் சரித்துக் கொட்ட றெனால்டும் கொன்ஸ்ரன்ரைனும் போனார்கள். அவ்வளவு ஈயம் கிடக்கிற பீப்பா. கொன்ஸ்ரன்ரைன் சாரத்தை மடித்துக் கட்டினான், காலை அகட்டி வைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். பீப்பா அவனுடைய நெஞ்சுக்கு மேலே துள்ளி எழும்பியது. அவன் பின்னால் போய்க் கதிரையோடு விழுந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பீப்பாவைத்தான் பார்த்தார்கள்.

றெனால்ட் ஒற்றைக் கையால் அதைக் கவிழ்த்தான். இடி மாதிரி ஒரு சத்தத்துக்காக றஞ்சிதா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்தது சருகு கொட்டுகிற சத்தம். மஞ்சளும் வெள்ளையுமாக மிதப்புகள் பாய் முழுக்க உருண்டன. சில பாயைத் தாண்டி முன்வரிசைக் கதிரைகளுக்குக் கீழே ஓடின. ஒன்று மில்ரன் சம்மாட்டியின் செருப்பில் முட்டி நின்றது. கடைசியாகத்தான் நாலைந்து ஈயக்கட்டைகள் டக் டக்கென்று விழுந்தன.

பீப்பா அவ்வளவு நேரமும் வெறுமையாகத்தான் ஒலித்தது என்பது றஞ்சிதாவுக்கு அப்போதுதான் பட்டது. உள்ளே ஈயம் நிறைய நிறையச் சத்தம் மங்கியிருக்க வேண்டும். முதலாவதும் கடைசியும் ஒரே மாதிரிக் கேட்டன. எல்லாரும் வெளி விளிம்பில் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துத் தட்டியிருக்கிறார்கள்.

அவளுக்கு மூச்சு வந்தது. வாடிக்குள் நாள் முழுக்கக் குனிந்து நின்றுவிட்டு நிமிர்ந்த மாதிரி இருந்தது.

"இது களவு," என்றார் மில்ரன் சம்மாட்டி. செருப்புக்கு முன்னால் கிடந்த மிதப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் என்ர காதால கேட்டனான். எல்லாரும் ஈயம்தான் போட்டவை."

"ஓம் சம்மாட்டியார், நான் ஈயம்தான்," என்றான் அவருடைய மூன்றாவது படகின் ஓட்டி.

"நானும்தான்."

"எனக்குப் பக்கத்தில இருந்தவைக்கும் கேட்டிருக்குமே, ஈயம்."

"அப்ப இவ்வளவு மிதப்பையும் ஆர் போட்டது? அந்தோனியாரோ?"

"இருக்கும்," என்றாள் தாலியை அடகு வைத்தவள். "அவருக்கும் திருநாள் காசு கட்ட ஏலாமல் போச்சுதாக்கும்."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. பாதர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிலுவைப் பக்கம் திரும்பினார். என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார். நிறஞ்சலா அவருடைய காதுக்குள் கத்தினாள்: "பிரேரணை வெண்டிட்டுது, ஐயா!"

"வெல்லும்தானே," என்றார் தலைவர். "நானும் அதுக்குத்தானே போட்டனான்." பிறகு யோசித்து, "ஈயம் எண்டால் ஓம்தானே?" என்று கேட்டார்.

மில்ரன் சம்மாட்டி எழுந்து நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கண் றஞ்சிதாவில் நின்றது. "நீ என்ன போட்டனீ?"

"உங்களுக்குக் கேட்டதுதானே, சம்மாட்டியார்." அவளுடைய குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே புதினமாக இருந்தது. "நீங்கள் தலையுமாட்டினனீங்கள்."

அவர் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார். அவன் கதிரைக் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அதில் பெரிய வேலை இருப்பதுபோல நிமிர்த்திக்கொண்டே இருந்தான். மில்ரன் சம்மாட்டி மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒருவனை வேலையில் இருந்து நிறுத்தலாம், இருவரை நிறுத்தலாம். எல்லாரையும் நிறுத்தினால் விடியப்புறம் ஐந்து படகையும் எவன் தள்ளுவது? சாக்கை விரிப்போம் என்று பாதர் சொன்னபோது விட்டிருந்தால், பயந்தவன் பயந்தபடி போட்டிருப்பான். சத்தம் வேண்டும் என்று நின்றது அவர்தான். சத்தம் போதிய அளவு கிடைத்தது.

"நிறுவை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டார் கடைசியாக. "என்ர மீனை நிறுக்கிறது ஆர்?"

"அதை அடுத்த கூட்டத்தில கதைப்பம்," என்றான் றெனால்ட்.

"கதைப்பம்," என்றார் மில்ரன் சம்மாட்டி. அதில் இன்னொரு சண்டை இருந்தது. எல்லாருக்கும் அது தெரியும். அவர் வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே கேட்டார்: "றஞ்சிதா, நாளைக்கு வாடிக்கு வருவியோ?"

"வராமல்?"

அவர் போனார். கொன்ஸ்ரன்ரைன் அவருக்குப் பின்னால் போனான், கொஞ்சம் இடைவெளி விட்டு.

உரப்பையை மேடையால் இறக்க இரண்டு ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள்.

கிட்டங்கி கோயில் வளவின் கடைசி மூலையில், கடலைப் பார்த்தபடி இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. நிறஞ்சலா முன்னால் நடந்தாள். றெனால்ட் ஒரு தள்ளுவண்டியோடு வந்தான். கதவைத் திறந்ததும் பழைய கயிறும் எலியும் மணத்தது. கழற்றிய இயந்திரம் ஒன்று, சைக்கிள் இரண்டு, தையல் மெசின், ஒருவருடைய அலுமாரி. எல்லாம் வீட்டுக்காசு கட்டாதவர்களுடையவை. றஞ்சிதாவின் பரல்கள் பின்சுவரோடு கிடந்தன. ஒன்றுக்குள் எவனோ பீடிக்கட்டை போட்டிருந்தான். அவள் அதைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"பாருங்கோ அக்கா, எல்லாம் சரியோ எண்டு," என்றாள் நிறஞ்சலா.

தராசு இருந்தது. படிக்கல்லும் இருந்தது. வலையை எலி கடித்திருந்தது, பொத்தலாம். படங்கு நல்லபடி இருந்தது. றெனால்ட் பரல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டான்.

"எனக்கு ஒண்டு சொல்லு, அக்கா," என்றான் முடிச்சை இறுக்கியபடி. "நான் அங்க சுவரோட நிண்டு உங்கள் எல்லாரையும் எவ்வளவு பேசியிருப்பன் தெரியுமோ, மனதுக்குள்ள? ஒருத்தராவது கண்ணைக் காட்டியிருக்கக் கூடாதோ?"

"மற்றவை என்ன செய்யினம் எண்டு எனக்கே தெரியாது," என்றாள் றஞ்சிதா. "நான் உன்னையும் சேர்த்துத்தான் பேசினனான். தேவையில்லாமல் தொடங்கிப்போட்டான் எண்டு."

"நல்லது."

"நீ போட்டது என்ன, பிள்ளை?" என்று றஞ்சிதா நிறஞ்சலாவைக் கேட்டாள்.

"ஈயம்," என்றாள் நிறஞ்சலா, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. "நீங்கள்?"

"ஈயம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். றெனால்ட் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு மணல் பாதையில் இறங்கினான். பரல்கள் ஒன்றோடொன்று முட்டிப் பொத்துப் பொத்தென்றன. வீட்டில் அலெக்ஸாண்டர் அந்தச் சத்தத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். காலையில் வாடி முடிந்து வரும்போது சூடையோ சாளையோ மலிவாகக் கிடைத்தால் வாங்கி, பின்னேரமே உப்பில் போட்டுவிடலாம். வெயில் இப்படியே நின்றால் கிழமை முடிவதற்குள் முதல் கருவாடு.

றஞ்சிதா படங்கைத் தோளில் போட்டாள், தராசைக் கையில் தூக்கினாள். ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள், ஏதும் மிச்சமோ என்று. அவளுடையது ஒன்றும் அங்கே இல்லை. படியால் இறங்கினாள். நிறஞ்சலா அவளுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டைக் கொளுவி, திறப்பைத் திருப்பினாள்.